சிங்க மூஞ்சி போட்ட அறுபது கப்பு

ஒரு பீங்கான் கப்பு எங்க கையை விட்டுப் போறதுக்குள்ள மூணு தடவை நெருப்புல வேவுது. அதுக்குக் கலர் அடிக்கறவளுக்கு வயிறு தெனமும் வேவுது.

நான் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டுல ஒரு சின்ன கம்பெனியில பெயிண்டிங் செக்‌ஷன்ல இருக்கேன். பேரு கலா. செக்‌ஷன்னா பெருசா நெனச்சிடாதீங்க. ஒரு நீளப் பெஞ்சு, ரெண்டு டியூப்லைட்டு, நாலு பொம்பளைங்க, அவ்வளவுதான். பொம்மைக்குக் கண்ணு வைக்கறதும் கப்புக்குப் பூ போடறதும் எங்க வேலை. இருபது வருஷமா இதையேதான் செய்யறேன். அதுல கடைசி பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்குதே, அதைப் பத்திதான் இப்பப் பொலம்பப் போறேன். டெய்லர் கடை, பியூட்டி பார்லர், கேக்குக் கடை, போட்டோ ஸ்டுடியோன்னு எங்கயாவது வேலைக்கு உக்காந்துக்கிட்டு, யாரோ போன்ல பார்த்த வீடியோவை மூஞ்சிக்கு நேரா நீட்டி "இதே மாதிரி வேணும்"னு கேக்கறதைப் பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கேட்டிருக்கீங்களா? அப்ப நீங்க நம்ம ஆளு. வாங்க, பக்கத்துல உக்காருங்க.

மொதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன், அப்பதான் என் கோவம் உங்களுக்குப் புரியும். பொம்மைன்னா ஒரு தடவை சுட்டதுமே டப்பா பெயிண்ட் அடிச்சி, காய வெச்சி அனுப்பிடுவோம். ஷோகேஸுல நிக்கற சாமானுக்கு அது போதும். கப்பு அப்படி இல்ல. மொதல்ல ஒரு சூடு. அப்புறம் பளபளப்புக்கு மருந்துல முக்கி ரெண்டாவது சூடு. அதுமேல நாங்க வேற ஒரு கலர்ல படம் போட்ட பிறகு, சின்ன கரண்டு சூளையில மூணாவது சூடு. அந்த மூணாவது சூட்டுலதான் கலர் உருகி பீங்கானோட பீங்கானா ஒட்டும். அதுவரைக்கும் அது வெறும் பொடி. அந்தப் பொடி வர்ற டப்பா மேல மண்டை ஓட்டுப் படம் போட்டிருக்குது.

என் பொண்ணு தவழற வயசுல, நான் ஆசையா வூட்டுக்கு எடுத்துட்டுப் போன கிளி பொம்மையை வாயில வெச்சிச் சப்பிட்டு ரெண்டு நாளு வாந்தி எடுத்தா. ஆஸ்பத்திரியில அவளை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தப்ப ஒரு முடிவுக்கு வந்தேன். வாயில வைக்கற சாமான் மூணாவது சூடு ஆவாம என் பெஞ்சைத் தாண்டக் கூடாது. மொதலாளி எத்தனையோ தடவை முட்டிப் பார்த்தாரு. நான் விட்டுக் குடுக்கல. ஃபேஷன் மாற மாற, அந்த ஒரு முடிவைக் காப்பாத்தறதே எனக்குப் பெரும் பாடாப் போச்சு.

பச்சைத் தீர்த்தம்

சிரிக்கிற புத்தர் பொம்மை ஒரு காலத்துல எப்படிப் போச்சுன்னு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கல்லாப் பெட்டி பக்கத்துல, டிவி மேல, ஆட்டோ முன்னாடி, எங்க பார்த்தாலும் தொப்பையைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. விடிஞ்சா தொப்பை, பொழுது போனா தொப்பை. எங்க வூட்டுக்காரரு சட்டையைக் கழட்டினா எனக்குக் கை தானா பிரஷ்ஷைத் தேடும். அப்புறம் புத்தரு போயி ஆமை வந்துது. யாரோ ஒரு வாஸ்து ஆளு, ஆமையைத் தண்ணிக் கிண்ணத்துல வெச்சா பணம் வரும்னு வீடியோவுல சொல்லிட்டாரு. எங்க ஆமையோ டப்பா பெயிண்ட் ஆமை.

ஸ்ரீமுஷ்ணத்துலேர்ந்து ஒரு அம்மா, பார்த்தா நல்ல வசதியான வூடுன்னு தெரியுது, வாங்கிட்டுப் போன ஆமையைத் திருப்பி எடுத்துட்டு வந்தாங்க. முதுகெல்லாம் உரிஞ்சி வெள்ளையா கெடக்குது. ஒரு மாசத்துல கலர் போயிடுச்சி, இதெல்லாம் ஒரு வேலையான்னு சண்டை. "தண்ணியில போட்டா போவத்தாம்மா போவும், இது ஷோவுக்கு"ன்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே பேச்சுவாக்குல இன்னொண்ணு சொன்னாங்க பாருங்க, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. தெனம் காலையில அந்தக் கிண்ணத்துத் தண்ணியை வூடு பூரா தெளிச்சிட்டு, மிச்சத்தை ஆளுக்கு ஒரு மொடக்கு குடிக்கறாங்களாம். "பெயிண்டைக் கரைச்சிக் குடிச்சிருக்கீங்கம்மா! தண்ணி பச்சையா இருந்தது கண்ணுக்குத் தெரியலையா?"ன்னு கத்திட்டேன். பெஞ்சுல இருந்த மத்த மூணு பேரும் பிரஷ்ஷைக் கீழ வெச்சிட்டாங்க. அந்த அம்மா அசரவே இல்ல. வெவரம் தெரியாதவளுக்குச் சொல்ற மாதிரி பொறுமையாச் சொன்னாங்க:

"பச்சையா மாறினா பணம் வரப் போவுதுன்னு அர்த்தம்னு அந்த வீடியோவுலயே சொன்னாங்களேம்மா. நாங்க சந்தோஷம்தான் பட்டோம்."

பேனா டப்பாவுல டீ

அடுத்து வந்துது தந்தூரி டீ. மண் கப்பை நெருப்புல பழுக்கக் காய்ச்சி, அதுல டீயை ஊத்தி, அது பொங்கிப் பொகையறதை நாலு பேரு போன்ல படம் புடிச்சி, அப்புறம் ஆறினதைக் குடிக்கறது. டீயை ஏண்டா இப்படிப் போட்டுக் கொல்றீங்கன்னு கேக்க ஒருத்தருக்கும் நேரம் இல்ல.

ஒரு நாளு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். புதுசா ஒரு டீக்கடை, முன்னாடி கும்பல். எட்டிப் பார்த்தா, அந்தக் கடைக்காரத் தம்பி இடுக்கியில புடிச்சிக் கரி நெருப்புல காட்டிக்கிட்டு இருக்கறது எங்க கம்பெனி சாமான். மீசை படம் போட்ட சாமான். அது கப்பே இல்ல, பேனா வைக்கற டப்பா. கைப்பிடி கிடையாது, உள்ளயும் வெளியயும் டப்பா பெயிண்ட். விக்காம மூலையில கெடந்ததை, மண் கப்பு ஒடையுது வேற எதாவது குடுங்கன்னு வந்து கேட்டவன்கிட்ட எங்க மொதலாளி தள்ளி விட்டிருக்காரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் கும்பலைத் தள்ளிக்கிட்டுப் போறதுக்குள்ள டீயை ஊத்திட்டான். டப்பா டமார்னு வெடிச்சிது. கும்பல் கை தட்டுது, வெடிச்சது வீடியோவுல நல்லா வந்துதாம்.

"ஏம்ப்பா, மீசை பத்திக்கிட்டு எரியுதே, அந்தக் கருமத்தையாடா எல்லாரும் குடிக்கறீங்க?"ன்னு அவன் கையிலேர்ந்து இடுக்கியைப் புடுங்கிட்டேன். மிச்சம் இருந்த டப்பாவை எல்லாம் பையில அள்ளினேன். அவன் பாவமா என் பின்னாடியே வந்தான்.

"அக்கா, அந்தப் பொகை வாசனைக்குன்னுதான் ரெண்டாவது டீ கேக்கறாங்க, வெறும் மண் கப்புல அது வர மாட்டேங்குதுக்கா."

அன்னிக்கு மொதலாளிகிட்ட நான் போட்ட சண்டை எஸ்டேட்டு கேட்டு வரைக்கும் கேட்டுதாம். சொன்னாங்க. கேக்கட்டும்.

கோணல் கப்பு

அப்புறம் எல்லாரும் பளிச்சுன்னு இருக்கறதை வெறுக்க ஆரம்பிச்சாங்க. மண்ணு கலரு, சாம்பல் கலரு, அப்புறம் கோணல். புதுச்சேரியிலேர்ந்து ஒரு பொண்ணு, ஆன்லைன்ல சாமான் விக்குதாம், எங்க கம்பெனிக்கு வந்துது. நாங்க அடுக்கி வெச்சிருந்த நல்ல கப்பை எல்லாம் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கிடுச்சி. பின்பக்கம் போயி, வேவும்போது வளைஞ்சி கோணிப் போனதுன்னு தூக்கிக் கொட்டின குப்பையில உக்காந்துக்கிட்டு, "ஐயோ, எவ்வளவு அழகு"ன்னு ஒவ்வொண்ணா எடுத்துக் கொஞ்சுது. இதே மாதிரி நாப்பது வேணும்னு ஆர்டர்.

அச்சு செய்யறவரு கோவிந்தண்ணன். ஒரு மயிரிழை கோணினாலும் அச்சை ஒடச்சிட்டு மறுபடி செய்யற மனுஷன். அவரு மூணு நாளு யோசிச்சி, கோணலாவே ஒரு அச்சு செஞ்சாரு. அதுல மண்கூழை ஊத்தி எடுத்தா நாப்பதும் கோணல். ஆனா நாப்பதும் ஒரே பக்கம், ஒரே அளவு கோணல். வரிசையா வெச்சா, ஒரே பக்கம் கழுத்து சுளுக்கின கூட்டம் மாதிரி நிக்குது. அந்தப் பொண்ணு வந்து பார்த்துட்டு, "அண்ணா, இது எல்லாம் ஒரே மாதிரி இருக்குதே, ஒவ்வொண்ணும் தானா கோணின மாதிரி வேணும்ணா"ன்னு சொல்லிச்சி.

ஒண்ணு சொல்லணும். இத்தனை வருஷத்துல "இதுல குடிக்கலாமாக்கா, ஒண்ணும் ஆவாதே?"ன்னு வாயைத் தொறந்து கேட்ட ஒரே கஸ்டமரு அந்தப் பொண்ணுதான். அதனால அதுமேல எனக்குப் பெருசா கோவம் இல்ல. கோவிந்தண்ணனுக்குதான் மனசு ஆறல.

"இருபது வருஷம் தானா கோணுதுன்னு திட்டு வாங்கினேன் கலா. இப்ப தானா கோணலன்னு திட்டு வாங்கறேன்."

உதட்டுல செவப்பு

கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணும் மாப்பிள்ளையும் ஊர் ஊராப் போயி படம் எடுக்கற கூத்து எங்க எஸ்டேட்டையும் வுட்டு வைக்கல. பழைய சூளைச் செவுரு பின்னாடி நல்லா வருதாம். மொதலாளி தலையை ஆட்டிட்டாரு, நாங்க பெஞ்சை ஒதுக்கிக் குடுத்தோம். மாப்பிள்ளை வந்து சாஞ்சதுல, காயப் போட்டிருந்த, இன்னும் சுடாத கப்பு ஒரு பலகை முழுக்க சரிஞ்சி மண்ணாப் போச்சு. அதுக்கு ஒரு "சாரி" கூட இல்ல, அந்த மண்ணை எடுத்துப் பொண்ணு கன்னத்துல பூசி அதையும் ஒரு படம் எடுத்தாங்க.

அப்புறம் அந்தப் பொண்ணு என் பெஞ்சுலேர்ந்து ஒரு கப்பை எடுத்து வாயில வெச்சிக் குடிக்கற மாதிரி நின்னுது. நான் அப்பதான் ரோஜாப்பூ போட்டு ஈரத்தோட வெச்சிருந்த கப்பு. மூணாவது சூடு காணாதது. "கீழ வைம்மா! அதை வாயில வைக்காதம்மா!"ன்னு நான் ஓடறேன், போட்டோக்காரன் என்னை ஒரு கையால தடுக்கறான், "ஃபிரேமுல வராதீங்க"ன்னு. கப்பை எடுத்தப்ப பொண்ணு உதட்டுல பாதி ரோஜா ஒட்டிக்கிட்டு இருந்துது. நான் முந்தானையால அழுத்தித் தொடைச்சி, கொழாய்கிட்ட இழுத்துட்டுப் போயி மூணு தடவை வாயைக் கொப்பளிக்க வெச்சேன். பாவம், அதுக்கு மேக்கப்பு போச்சேன்னு அழுகை. போட்டோக்காரன் என்கிட்டதான் கோவப்பட்டான்.

"சும்மா இருந்திருக்கலாம்லக்கா? லிப்ஸ்டிக்கை விட அந்தச் செவப்பு சூப்பரா செட்டாயிருந்துச்சி."

கம்மாபுரத்துச் சிங்கம்

இதுவரைக்கும் சொன்னதுல எல்லாம் நான் நல்லவ, மத்தவங்க முட்டாளு. இனிமே சொல்லப் போறது என் தப்பு.

இப்ப மொதல் வருஷப் பொறந்த நாளுக்குக் கேக்கு மட்டும் போதாதுல்ல? தீமு வேணும். கடல் தீமு, வானம் தீமு, காடு தீமு. வர்றவங்களுக்கு எல்லாம் திரும்பிப் போவும்போது ஒரு பரிசு வேற. கம்மாபுரத்துலேர்ந்து திவ்யான்னு ஒரு பொண்ணு வந்துது. அவங்க நெலம் சுரங்கத்துக்குப் போயி, கெடைச்ச பணத்துல புது வூடு கட்டியிருக்காங்க. புள்ளை பேரு கவின். காடு தீமு. அறுபது கப்பு, ஒரு பக்கம் சிங்க மூஞ்சி, இன்னொரு பக்கம் புள்ளை பேரு. நாலு நாளுல வேணும். மொதலாளி வழக்கம் போல, "டப்பா பெயிண்ட் அடிச்சிக் குடுத்துடலாம் கலா"ன்னாரு. "கொழந்தைங்க வாயில வைக்கும். மூணாவது சூடு இல்லாம குடுத்தா நான் நாளைலேர்ந்து வர மாட்டேன்"னு சொல்லிட்டேன்.

எங்க பெஞ்சுல ஒரு பழக்கம் உண்டு. படம் போட்டதும் கப்பைக் கவுத்து, அடியில பளபளப்பு இல்லாத வளையத்துல பென்சிலால ஒரு பெருக்கல் குறி போடுவோம். சூளையில அது எரிஞ்சி காணாமப் போயிடும். குறி இருந்தா இன்னும் சூடு ஆவல, இல்லன்னா ஆயிடுச்சி. எழுதத் தெரியாதவங்களும் தப்புப் பண்ண முடியாது. இதைக் கொண்டாந்தவ நான்தான், அதுல எனக்கு ஒரு பெருமை வேற.

மொதல் லோடு நாப்பது கப்பு நல்லா வந்துது. ரெண்டாவது லோடு, உபரிக்கு ஒண்ணோட சேர்த்து இருபத்தோரு கப்பு, மறுநாள் சாயங்காலம் சூளைக்குள்ள போச்சு. நான் வூட்டுக்குப் போயிட்டேன். காலையில வந்தா, அன்னிக்கு சாயங்காலமே விசேஷம்னு வாசல்ல கம்மாபுரம் வண்டி நிக்குது, ஹாரன் அடிச்சிக்கிட்டே இருக்கான். "சூளை முடிஞ்சிதா?"ன்னு கேட்டேன். "முடிஞ்சிது முடிஞ்சிது"ன்னாரு மொதலாளி. ஒவ்வொரு கப்பையும் கவுத்துப் பார்த்தேன். ஒண்ணுலயும் குறி இல்ல. கலர் கொஞ்சம் மங்கலாத்தான் இருந்துது. சிங்கம்தானே, அழுக்குக் கலராத்தான் இருக்கும்னு நெனச்சி எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து பேக் பண்ணி அனுப்பிட்டேன்.

மறுநாளு அந்த உபரிக் கப்பை எடுத்து அலமாரியில வைக்கப் போனேன். சிங்கத்தோட ஒரு கண்ணு என் கட்டை விரல்ல ஒட்டிக்கிட்டு வந்துடுச்சி. மொதலாளியைப் புடிச்சி உலுக்கினேன். அப்பதான் சொல்றாரு, முந்தாநாளு ராத்திரி சூளை பாதி ஏறும்போதே கரண்டு போயிடுச்சாம், அப்புறம் வந்துதாம், காலையில தொறந்து பார்த்தா குறி இல்லையாம், சரி ஆயிடுச்சின்னு வுட்டுட்டாராம். பென்சில் குறி பாதிச் சூட்டுலயே போயிடும். கலர் உருக முழுச் சூடு வேணும். இது எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனா இருபது வருஷமா குறியைப் பார்த்துப் பார்த்து, கலரைப் பார்க்கறதையே வுட்டுட்டேன். இந்தக் குறியை நம்பாத வேற எந்த ஊருக்காரியும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டா. கப்பை விரலால ஒரு தடவை தேச்சிப் பார்த்திருப்பா. மண்டை ஓட்டு டப்பாப் பொடியை இருபது வூட்டுக்கு நானே அனுப்பி வெச்சிருக்கேன். பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பினேன். மொதலாளி பின்னாடியே வந்தாரு.

"வுடு கலா. ரிட்டர்ன் கிஃப்ட்டுல எவன் குடிக்கப் போறான்? எல்லாம் ஷோகேஸுலதான் நிக்கும்."

ஸ்டேட்டஸ்

கம்மாபுரம் பஸ்ஸுல உக்காந்திருந்த நேரம் பூரா என் கண்ணு முன்னாடி என் பொண்ணு வாந்தி எடுத்ததுதான். திவ்யா வூட்டுக்குள்ள நொழைஞ்சா, நடு கூடத்துல கவின் உக்காந்துக்கிட்டு, கப்பை ரெண்டு கையாலயும் புடிச்சி, சிங்கத்தோட மூக்கை நக்கிக்கிட்டு இருக்கான். நான் செருப்பைக் கூட கழட்டல. பாய்ஞ்சி புடுங்கினேன். புள்ளை வீல்னு கத்துது, திவ்யா உள்ளேர்ந்து ஓடியாருது. விரலை எச்சில் பண்ணித் தேச்சேன், நகத்தால சொரண்டினேன். வரல. அசையல. மொதல் லோடு கப்பு. அங்கயே தரையில உக்காந்து அழுதுட்டேன்.

அப்புறம் வெவரத்தைச் சொன்னேன். இருபது கப்பு வெளிய இருக்குது, எது யாருகிட்ட போச்சுன்னு தெரியாது, எல்லாருக்கும் உடனே சொல்லணும், அதுல குடிக்க வேணாம்னு உன் போன்ல போடும்மான்னு கெஞ்சினேன். அது போனையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்துது. குடுத்த பரிசைத் திருப்பிக் கேட்டா சொந்தக்காரங்க என்ன நெனப்பாங்கன்னு இழுத்துது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதுக்கு அது சொன்ன பதிலை நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"ஸ்டேட்டஸுல இப்ப பர்த்டே வீடியோ வரிசையா ஓடுதுக்கா. நடுவுல இதைப் போட்டா ஃப்ளோ கெட்டுடும்."

பத்தொம்போது மூஞ்சி

நான் கத்தின கத்துல பக்கத்து வூட்டுக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க. தெருத் தெருவா நின்னு உன் புள்ளை பேரைச் சொல்லிக் கத்துவேன்னேன். அப்புறம்தான் திவ்யாவுக்கு ஒறைச்சிது. நல்ல பொண்ணுதான், இல்லன்னு சொல்ல மாட்டேன். வரிசையா போன் போட்டுச்சி, தன் ஸ்கூட்டியில என்னை ஏத்திக்கிட்டு ரெண்டு நாளு வூடு வூடா அலைஞ்சிது. கூச்சப்பட்டுக்கிட்டே அலைஞ்சிது.

மொதலாளி சொன்னதுதான் நடந்திருக்குது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஒரு வூட்டுலயும் ஒருத்தரும் அதுல ஒரு மொடக்குத் தண்ணி குடிக்கல. ஷோகேஸுல, கரடி பொம்மைக்கும் பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் நடுவுல சிங்கம் நிக்குது. பாதி வூட்டுல பையையே பிரிக்கல. நாங்க ராவும் பகலுமா வேவறோம், வாயில வைக்கறதாச்சேன்னு மொதலாளியோட மல்லுக்கு நிக்கறோம், இவங்க அதை ஒரு படம் புடிச்சிட்டுக் கண்ணாடிக்குள்ள தள்ளிடறாங்க. யாரும் குடிக்கலையேன்னு சந்தோஷப்படறதா, யாருமே குடிக்கலையான்னு கோவப்படறதா? நான் ரெண்டையும் பட்டேன். விரலால தேச்சித் தேச்சி, கலர் விரல்ல வந்ததை எல்லாம் பையில போட்டேன். பத்தொம்போது தேறிச்சி. ஒண்ணு காணல.

திவ்யா யோசிச்சி யோசிச்சி, விசேஷத்துக்குச் சமைக்க வந்த கருவேப்பிலங்குறிச்சி அஞ்சலையம்மாவுக்கு ஒரு கப்பு குடுத்ததா சொல்லிச்சி. அவங்களுக்கு ஒரு சின்னப் பொண்ணு உண்டாம். அவங்ககிட்ட போன் கெடையாது. அதுவரைக்கும் கூச்சத்துல நெளிஞ்சிக்கிட்டு இருந்த திவ்யா மூஞ்சி மொதல் தடவையா வெளுத்துப் போச்சு.

"அக்கா, சீக்கிரம் போங்கக்கா. அவங்க நெசமாவே அதுல டீ குடிப்பாங்க."

கடைசிக் கப்பு

ஸ்கூட்டிக்குத் தூரம்னு பஸ் புடிச்சி, கருவேப்பிலங்குறிச்சியில எறங்கி விசாரிச்சிக்கிட்டுப் போனேன். வாசப்படியில ஒரு பொண்ணு, ஆறேழு வயசு இருக்கும், கப்புல டீயை வெச்சிக்கிட்டு பன்னை முக்கி முக்கித் தின்னுக்கிட்டு இருக்குது. தூரத்துலேர்ந்தே தெரிஞ்சிது, எங்க கப்பு. கோவிந்தண்ணன் அச்சு, அந்தக் கைப்பிடி வளைவை நான் கனவுலயும் கண்டுபுடிப்பேன். ஓடிப்போயி வாங்கினேன். டீ என் பொடவையில கொட்டிச்சி. திருப்பிப் பார்த்தேன். சிங்கம் இல்ல. இந்தப் பக்கம் திருப்பினேன். புள்ளை பேரும் இல்ல. வெள்ளை. மொத்தக் கப்பும் வெறும் வெள்ளை.

அவ்வளவு கலரையும் இந்தப் பொண்ணு நக்கித் தின்னுடுச்சா? "இதுல ஒரு மூஞ்சி இருந்துதே, எங்கம்மா அது? சொல்லு கண்ணு, எங்க போச்சு?"ன்னு அது தோளைப் புடிச்சி உலுக்கறேன். அது பன்னோட வாயைத் தொறந்துக்கிட்டு முழிக்குது. சத்தம் கேட்டு அஞ்சலையம்மா ஈரக் கையைத் தொடைச்சிக்கிட்டு வந்தாங்க. நான் யாரு, எந்த ஊருன்னு கூடச் சொல்லல. கப்பைக் காட்டி, கலர் எங்கன்னு மட்டும் கேட்டேன்.

"அதுவா? புதுக் கப்பைத் தேச்சிக் கழுவாம யாராச்சும் புள்ளைக்குக் குடுப்பாங்களா? அன்னிக்கே கம்பி நாரு போட்டுத் தேச்சேன், பட்டதுமே மூஞ்சி கரைஞ்சி வந்துது. போவுது சனியன்னு சாம்பல் போட்டுச் சுத்தமா எடுத்துட்டேன்"னாங்க. நான் கப்பு பூரா விரலால தடவிப் பார்த்தேன், வெளிச்சத்துல புடிச்சிப் பார்த்தேன், முந்தானையால தேச்சிப் பார்த்தேன். பொட்டுக் கலர் இல்ல. சுத்தமான கப்பு. அந்தப் பொண்ணு கையிலயே கப்பைத் திருப்பிக் குடுத்தேன். அஞ்சலையம்மா அது நெறைய மறுபடி டீயை ஊத்தினாங்க, எனக்கும் ஒரு டம்ளர் குடுத்தாங்க. குடுத்துட்டு, மனசுல இருந்ததைக் கேட்டுட்டாங்க.

"கப்பு நல்ல கெட்டிக் கப்பும்மா. அதுல போயி இப்படி ஒரு மூஞ்சியை எழுதிக் கெடுத்து வெச்சிருக்காளே, எவ அவ?"

பத்து வருஷமா ஊர்ல எல்லாரையும் பார்த்து நான் மனசுக்குள்ள கேட்டுக்கிட்டு இருந்த கேள்வியை அந்தம்மா என்னைப் பார்த்தே கேட்டுட்டாங்க. நான் "யாரோ விருத்தாசலத்துக்காரிம்மா, புத்தி கெட்டவ"ன்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சி முடிச்சி பஸ்ஸு ஏறினேன்.